கறுப்புத் துணி கட்டிய மைக்

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. இந்த ஜீப் ஸ்டாண்டில் ஒருவனுக்கும் வரிசை தெரியாது. அதனால்தான் ஒருவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

முதல் அநியாயம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. நீங்கள் இப்போது ஏறப்போகும் இந்த மலைச்சாலையை வெட்டியவர்கள் நாற்பத்திரண்டு பேர். கடப்பாரை பிடித்த அந்த நாற்பத்திரண்டில் நானும் ஒருவன். திறப்பு விழாக் கல்லில் எஸ்டேட் முதலாளியின் பெயர் இருக்கிறது, அவர் மனைவியின் பெயர் இருக்கிறது, பூசை செய்தவர் பெயர் இருக்கிறது. எங்களில் ஒருவன் பெயர்கூட இல்லை.

இரண்டாவது, தொண்ணூற்று மூன்று. ஜீப் ஓட்டுநர் சங்கத்தை ஆரம்பித்தவன் நான். விதிமுறைகளை எழுதியவன் நான். பதிவு செய்யப் போன இடத்தில், தலைவர் என்று கருப்பணன் பெயரைப் போட்டார்கள். ஏன் என்று கேளுங்கள். அவனுக்குக் கதவு எண் போட்ட வீடு இருந்ததாம். எனக்கு இருந்தது கூரைக் குடிசை. அதற்கு எண் கிடையாதாம்.

மூன்றாவது, தொண்ணூற்றொன்பது. மலைக்கு அந்தப் பக்கம் அணை வேலை முடிந்து எஞ்சினியர்கள் மூட்டை கட்டியபோது, அவர்களுடைய ரிப்பீட்டரைப் பழைய இரும்போடு ஏலம் விடப் பார்த்தார்கள். ரிப்பீட்டர் தெரியுமா? இந்தப் பக்கம் நிற்கும் ஜீப்பிலிருந்து பேசினால் அந்தப் பக்கம் நிற்கும் ஜீப்புக்குக் கேட்காது, நடுவில் பாறை. ரிப்பீட்டர் என்பது உச்சியில் உட்கார்ந்து, கீழிருந்து வரும் குரலை வாங்கி, அந்த நொடியே மலை முழுவதற்கும் திருப்பிச் சொல்லும் பெட்டி. அதைச் சங்கத்துக்குக் கொடு என்று அணை அலுவலக வாசலில் ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்தேன். ஒன்பது நாள். பெட்டி கிடைத்தது. அதைக் கழுகுப்பாறை உச்சியில் ஏற்றிய அன்று நான் ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். சங்க அலுவலகத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. பெட்டி இருக்கிறது, கருப்பணன் இருக்கிறான், யாருடையதோ ஒரு நாய்கூட இருக்கிறது. நான் இல்லை.

நான்காவது, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. செயலாளர் பதவியிலிருந்து என்னை எடுத்தார்கள். கருப்பணன் மகன் ராசாங்கத்தை வைத்தார்கள். எனக்குக் 'கௌரவ ஆலோசகர்' என்று இல்லாத ஒரு பதவியைக் கண்டுபிடித்து, ஒரு சால்வையைப் போர்த்திவிட்டார்கள். மலையடிவாரத்தில் வண்டிகளை ஏற்றிவிடும் இந்தக் கேட் அறையை மட்டும் என்னிடமிருந்து பிடுங்க முடியவில்லை. ஏனென்றால் கேட்டில் என் குரல் இல்லாமல் இந்த மலையில் ஒரு சக்கரம் உருண்டதில்லை.

ஐந்தாவதுதான் நான் சொல்ல வந்தது. உட்காருங்கள். ஜீப் வர முக்கால் மணி நேரம் ஆகும். டீ வேண்டுமானால் எழுந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள்; எனக்கு வேண்டாம். நான்கு மாதமாக விருமாண்டி எனக்கு டீ தருவதில்லை. தம்ளரைக் கழுவிக்கொண்டே இருப்பான், இந்தப் பக்கம் திரும்பமாட்டான். பயம். உண்மையைச் சொன்னவன் பக்கத்தில் நிற்பதற்குப் பயம்.

இந்தச் சாலையில் ஏழாம் வளைவிலிருந்து பதினோராம் வளைவு வரை ஒற்றை வண்டிப் பாதை. எதிரெதிரே இரண்டு ஜீப் வந்துவிட்டால் ஒன்று பின்னாலேயே போகவேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முந்நூறடி. அதற்காக நான் வைத்த முறை இது: ஏறும் வண்டி ஏத்தம், இறங்கும் வண்டி இறக்கம். கேட்டிலிருந்து நான் "ஏத்தம் ஒண்ணு" என்பேன். மேலே தோட்டத்து ஸ்டாண்டிலிருந்து "மேல காலி" என்று வரும். அதற்குப் பிறகுதான் சக்கரம் உருளும். இருபத்து நான்கு வருடம். ஒரு விபத்து உண்டா என்று கேளுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். உங்களிடம் பேசினால்.

பிறகு கேரளாப் பக்கத்தில் ஒரு கல் குவாரி வந்தது. அவர்களும் ரேடியோ வைத்தார்கள். அவர்கள் பேசும் அலைவரிசை எங்கள் பெட்டி பேசும் அதே அலைவரிசை. எவன் அனுமதி கொடுத்தான், எப்படிக் கொடுத்தான் என்று நான் பதினோரு மனு எழுதினேன். பதில் இல்லை. காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். "மூணாவது லோடு போயி." "நாலாவது லோடு வந்நு." அந்தக் குவாரியில் ரேடியோ பேசுகிறவன் பெயர் வர்க்கீஸ். ஒரு வருடம் நான் அவனைத் திட்டியிருக்கிறேன், அவன் என்னைத் திட்டியிருக்கிறான். முகம் பார்த்ததில்லை. குரல் நன்றாகத் தெரியும், மூக்கடைப்புக் குரல்.

நம் ஓட்டுநர்கள் என்ன செய்தார்கள்? லோடு கணக்குக் கேட்டுச் சலித்துப்போய் ரேடியோ செட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். குறைத்துவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டார்கள். நான் சொல்லும் "ஏத்தம்" எவன் காதிலும் விழவில்லை. பங்குனியில் ஒரு மூடுபனி நாள், எட்டாம் வளைவில் இரண்டு ஜீப் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒரு பெண் பயந்து குதித்துக் கால் முறிந்தது. அப்போதும் நான் சொன்னேன்: காதை வைத்துக் கேளுங்களடா. எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் நான் கேட்கவில்லையா? தொழிலாளிக்குக் காதுதான் முதல் ஆயுதம் என்று எண்பத்தொன்பதிலேயே துண்டறிக்கை போட்டவன் நான்.

ராசாங்கம் என்ன செய்தான்? திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். ஜெனிட்டா என்று பெயர். டிப்ளமா. தோளில் ஒரு பை, கையில் சால்டரிங் இரும்பு.

"சித்தப்பா, இவங்க நம்ம ரிப்பீட்டருக்கு டோன் போடப் போறாங்க" என்றான். அவன் அப்பனும் நானும் ஒன்றாகச் சிறை போனவர்கள், அதனால் சித்தப்பா. மரியாதை எல்லாம் வாயளவுக்குக் குறைவில்லை.

"டோனுன்னா?"

அந்தப் பெண் சொன்னாள்: "ஒண்ணுமில்லங்கய்யா. பேச்சுக்கு அடியில ஒரு முனகல் மாதிரி ஒரு ஒலி போய்க்கிட்டே இருக்கும். ரொம்பத் தாழ்ந்த ஒலி. செட்டு அத ஸ்பீக்கருக்கு விடாம வடிகட்டிரும், உங்க காதுக்கு வராது. ஆனா செட்டுக்குத் தெரியும். அந்த முனகல் இருந்தா நம்ம ரிப்பீட்டர் பேசுது, வாயத் தொற. இல்லன்னா வேற எவனோ பேசுறான், மூடிக்க. அவ்ளோதான்."

"அப்ப குவாரி பேசினா?"

"ஜீப்புல கேக்கவே கேக்காது."

"நாளைக்கு நான் பேசினா?"

"நீங்க பேசினா ரிப்பீட்டர் வழியாத்தான போகுது? எல்லாருக்கும் கேக்கும்."

பாருங்கள் எவ்வளவு சாமர்த்தியம். காதுக்கு வராத ஒரு சத்தம். அதை ஒருத்தி போடுவாள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அது முடிவு செய்யும். நாற்பது ஓட்டுநர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

"யாருக்கு எது கேக்கணும்னு முடிவு பண்றது யாரு?" என்று கேட்டேன்.

"நம்மதான் சித்தப்பா. நம்ம சங்கம்தான்."

"சங்கம்னா யாரு? நீயா?"

பின்னால் எவனோ, ஜக்கையனாகத்தான் இருக்கும், "தோழரு ஆரம்பிச்சுட்டாருய்யா, வண்டிய எடுங்க" என்றான். சிரித்தார்கள். ஜக்கையனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான். அவனுக்கு எட்டு போடத் தெரியாமல் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்ச் சண்டை போட்டவன் நான். சிரித்தான்.

கழுகுப்பாறைக்கு அவர்களோடு நானும் ஏறினேன். என் பெட்டியில் ஒருத்தி கை வைக்கும்போது நான் இல்லாமல் எப்படி? அவள் கொண்டுவந்த போர்டு தீப்பெட்டி அளவுதான். முதல் நாள், குரல் போகிற வழியில் அந்த முனகலைக் கொடுத்தாள். ஜீப் செட் ஒன்றும் திறக்கவில்லை. என் பெட்டி அதை விழுங்கிவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒன்பது நாள் பட்டினியில் வந்த பெட்டி, அது எங்களை ஏமாற்றாது என்று சத்தமாகவே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "பழைய செட்டுய்யா, பேச்சுக்கு வேண்டாத தாழ்ந்த சத்தத்தையெல்லாம் உள்ள வரும்போதே வெட்டிருது. வெட்டின எடத்துக்கு அப்புறம் குடுக்கணும்" என்றாள். மறுநாள் பெட்டியை முழுக்கத் திறந்து, வெளியே அனுப்புகிற பகுதிக்கு ஒட்டி ஒரு கம்பியை வைத்தாள். ஒரு சின்னத் திருகு. கூட்டினால் பேச்சுக்கு அடியில் வண்டு மாதிரி ரீங்காரம் கேட்டது. குறைத்தால் பதினோராம் வளைவில் செட் திறக்கவில்லை. திருகித் திருகி, மத்தியானம் ஒரு இடத்தில் நிறுத்தினாள். அந்த முனகலின் பெயர் எண்பத்தெட்டரையாம். அந்த எண்ணை நான் மறக்கவில்லை. எதிரியின் பெயரை நான் மறப்பதில்லை.

அன்று சாயங்காலம் ஒவ்வொரு ஜீப் செட்டாக வாங்கி அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். கேட் அறைக்கும் வந்தாள்.

"ஐயா, உங்க செட்டு?"

"என் செட்டுல கை வைக்கக் கூடாது."

"வைக்கலன்னாலும் பரவால்லய்யா. நீங்க மைக்க அமுக்கிப் பேசினா எல்லா ஜீப்புக்கும் முன்ன மாதிரியே போகும். உங்களுக்கு மட்டும் குவாரிச் சத்தமும் சேந்து கேக்கும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். அவள் அதைச் சொல்லி முடித்த உடனே நான் தீர்மானித்துவிட்டேன்.

மறுநாள் துண்டறிக்கை அடித்தேன். 'காதை மூடும் கருவி யாருக்காக?' என்று தலைப்பு. நான்கு கோரிக்கைகள். முதல் மூன்றும் டோனை எடு, டோனை எடு, டோனை எடு. நான்காவது: எடுக்கும் வரை, அந்தப் பெட்டிக்குள் என் குரல் போகாது. மைக்கில் கறுப்புத் துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டி, 'கு. அறவாழி' என்று கையெழுத்திட்டேன். பஸ்ஸுக்கு நின்ற இருபது பேர் பார்த்தார்கள். அதோ, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தொடாதீர்கள்.

ராசாங்கம் ஓடி வருவான் என்று நினைத்தேன். வந்தான். துண்டறிக்கையை வாசித்தான். "சரி சித்தப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க. ஏத்தம் எறக்கம் நாங்களே பேசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான். இருபத்து நான்கு வருடக் குரல். அன்று மத்தியானமே ஜக்கையன் வளைவில் நின்று "ஏழுல இருந்து ஏத்தம்" என்கிறான், மேலிருந்து எவனோ "வா மாப்ள, காலி" என்கிறான். மாப்பிள்ளையாம். ஒரு ஒழுங்கு உண்டா?

ஆனால் நான் செட்டை அணைக்கவில்லை. போராடுகிறவன் பேசாமல் இருக்கலாம், கேட்காமல் இருக்கக்கூடாது. ஒரு நோட்டு வாங்கினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். என் செட்டுக்குக் கேட்டு, அவர்கள் செட்டுக்குக் கேட்காத ஒவ்வொன்றையும் எழுதினேன். தேதி, நேரம், சொன்னது என்ன, கேட்டவர் யார். இதுதான் சான்று. உங்கள் கருவி உங்களிடமிருந்து எதையெல்லாம் மறைத்தது என்று ஒருநாள் பொதுக்குழுவில் பக்கம் பக்கமாக வைக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு மாதம் நோட்டில் லோடு கணக்குதான் நிறைந்தது. இரண்டு தடவை வர்க்கீஸின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. நான் சலிக்கவில்லை. சலிப்பு முதலாளிகளுக்கு உரியது.

ஆவணி மாதம் பதினேழாம் தேதி. காலையிலிருந்து மழை. மத்தியானம் இரண்டு பத்துக்கு வர்க்கீஸ் பேசினான். லோடு இல்லை. குரல் வேறு மாதிரி இருந்தது.

"தமிழ்நாட்டு ஜீப்காரங்க ஆராவது கேக்குறீங்களா? சேட்டன்மாரே, ஆராவது கேக்குறீங்களா? நம்ம ஆளு மேலருந்து பாத்துச்சு. உங்க ரோட்டுல ஒம்பதுன்னு எழுதின வளவுக்கு மேல மண்ணு விரிஞ்சு நிக்குது. தண்ணி வருது. வண்டி விடாதீங்க கேட்டோ. ஆராவது கேக்குறீங்களா?"

மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை அழுகிற மாதிரி சொன்னான்.

எழுந்து நின்றுவிட்டேன். பயத்தில் அல்ல. வந்துவிட்டது என்று. நான் சொன்னதெல்லாம் சரி என்பதற்கு இதைவிடச் சான்று உண்டா? நாற்பது ஜீப்பிலும் அந்த நேரம் அமைதி. எல்லோரும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மலையில் அதைக் கேட்டவன் ஒரே ஒருவன். டோன் போடாத ஒரே செட், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரே ஆள்.

நோட்டை எடுத்து எழுதினேன். ஒரு சொல் விடாமல் எழுதினேன். சான்றுக்குச் சாட்சி வேண்டும், விருமாண்டியைக் கூப்பிட்டேன். டைம் கீப்பர் பவுன்ராசுவையும் கூப்பிட்டேன். வர்க்கீஸ் நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் காதாலேயே கேட்டார்கள்.

விருமாண்டி பதறிவிட்டான். "அண்ணே, மைக்க எடுங்கண்ணே! சொல்லுங்கண்ணே!"

"எதுல சொல்றது?" என்று கேட்டேன். கறுப்புத் துணியைக் காட்டினேன்.

"அத அவுத்து எறிங்கண்ணே!"

"ஊர் முன்னாடி கட்டினது, ஊர் முன்னாடிதான் அவுக்கணும். கோரிக்கை நிறைவேறல."

"மேல ஆளு வருமேண்ணே!"

"அதுக்கு யாரு பொறுப்பு? நானா? டோன் போட்டவன் பொறுப்பு. முதல்ல இதுல கையெழுத்துப் போடு. நேரத்தையும் போடு."

இவர்களுக்கு எதிலும் நிதானம் கிடையாது. ஒருவன் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெயரை எழுத்துக்கூட்டுகிறான், ஒருவன் மைக்கைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். நான் குறுக்கே நின்றேன். அவ்வளவுதான், குறுக்கே நின்றேன். தள்ளவில்லை. அப்போது செட்டில் ஜக்கையன் குரல். "பதினொண்ணுல இருந்து எறக்கம். ஒம்பது பேரு. கீழ காலியா?" மழையால் தோட்டத்து வேலையைச் சீக்கிரம் முடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிறான். கீழே ஏழாம் வளைவில் நின்றவன் "காலி, வா" என்றான். நேரம் இரண்டு இருபத்திரண்டு. அதையும் எழுதினேன். அபாயம் அறிவிக்கப்பட்டுப் பன்னிரண்டு நிமிடம் ஆகியும் ஓட்டுநருக்குத் தெரியவில்லை, காரணம், டோன். பவுன்ராசு கையெழுத்துப் போட்டான். விருமாண்டி போட்டான். மலையில் செல்போன் எடுக்காது, போட்ட கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு மழையில் மேலே போனான்.

ஆறாம் வளைவு வரை போயிருக்கிறான். அப்போது சத்தம் வந்ததாம். இங்கேயே எனக்குக் கேட்டது.

ஜீப்பின் பின்பாதியைத்தான் மண் அடித்தது. ஜக்கையனுக்கு விலா எலும்பு. முன்னால் இருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள். பின்னால் கடைசியில் உட்கார்ந்திருந்த காமுத்தாயை மட்டும் எடுக்கமுடியவில்லை. மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். மேல்தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் பெண், முப்பத்தெட்டு வயது. எனக்கு அவளைத் தெரியும். போனஸ் போராட்டத்தில் கைக்குழந்தையோடு மறியலில் உட்கார்ந்தவள். நல்ல போராளி. அவளுக்காகத்தான் நான் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் சாவுக்கு ஒரு பெயர் வேண்டாமா? யார் பொறுப்பு என்று ஒரு பெயர்?

சாவு வீட்டுக்குப் போனேன். விருமாண்டி வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பவுன்ராசுவும் சொல்லவில்லை. கோழைகள். சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாய் மூடிக்கொள்ளும் கோழைகள். போகட்டும், நோட்டு என்னிடம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் பொதுக்குழு. சங்கக் கொட்டகையில் நிற்க இடமில்லை. ஓட்டுநர்கள், தோட்டத்துப் பெண்கள், காமுத்தாயின் புருஷன் செல்வக்கனி, அவள் மகள். அந்த மகள்தான், மறியலில் இருந்த கைக்குழந்தை. இப்போது நெட்டையாக வளர்ந்து ஸ்கூல் சீருடையில் வந்திருந்தாள். ஜெனிட்டாவையும் வரச் சொல்லியிருந்தேன். பதில் சொல்லவேண்டியவள் வரவேண்டாமா? விலாவில் கட்டோடு ஜக்கையன் நாற்காலியில். அன்று எவனும் சிரிக்கவில்லை.

ராசாங்கம் எழுந்து, மண் சரிந்தது இயற்கை, யாரும் யாரையும் குறை சொல்லவேண்டாம், குடும்பத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசுவோம் என்றான். இப்படித்தான் மூடுவார்கள். நாற்பது வருடமாக இப்படித்தான் மூடியிருக்கிறார்கள்.

நான் எழுந்தேன். "இயற்கையா? முன்னெச்சரிக்கை வந்துச்சா வரலையா?"

கொட்டகை முழுவதும் திரும்பியது.

"வரலயே தோழரே" என்றான் ஜக்கையன். மூச்சு வாங்கியது அவனுக்கு. "வந்திருந்தா நான் எறங்கிருப்பனா? பதினொண்ணுலயே நின்னிருக்க மாட்டனா?"

"வந்துச்சு. இருவது நிமிஷத்துக்கு முன்னாடியே வந்துச்சு. உங்க செட்டுக்குத்தான் காது இல்ல."

செல்வக்கனி எழுந்து நின்றான். "என்ன சொல்றீக? யாருக்கு வந்துச்சு?"

நோட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் அவ்வளவு அமைதியாக என்னைக் கேட்டதில்லை. மே தினத்தில்கூட இல்லை. ராசாங்கம் மேடையிலிருந்து இறங்கி வந்து நோட்டை வாங்கினான். நான் மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்தான். உதடு அசையாமல் வாசித்தான். பிறகு இன்னொரு தடவை வாசித்தான். நோட்டை மூடினான். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே நீங்கள். இரத்தமே இல்லை.

பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "சித்தப்பா, இத எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"ஏன்?"

"வேணாம் சித்தப்பா. சொன்னாக் கேளுங்க. செல்வக்கனி நிக்கிறான். அந்தப் புள்ள நிக்கிது. நான் பேசிக்கிறேன். நீங்க போங்க."

மாட்டிக்கொண்டவன் கெஞ்சுகிற கெஞ்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆர்.டி.ஓ.விடம் பார்த்திருக்கிறேன், எஸ்டேட் மேனேஜரிடம் பார்த்திருக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லென்று இருந்தது. நான் கையை உதறினேன்.

"வாசி" என்றேன். "சபைல வாசி. நீயே வாசி. செயலாளர் வாயால வரட்டும். இங்க இருக்கற அத்தன பேரும் சாட்சி."

மூலையிலிருந்து விருமாண்டி, "அண்ணே, விட்ருங்கண்ணே" என்றான். அழுதுகொண்டிருந்தான். எதற்கு அழுகிறான்?

"வாசி!"

செல்வக்கனியும் சொன்னான்: "வாசிங்கப்பா. எனக்குத் தெரியணும்."

ராசாங்கம் நோட்டைத் திறந்தான். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு வாசிக்கிறவன் மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். நான் எழுதிய தமிழ், என் கையெழுத்து, ஒரு பிழை இல்லாமல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"ஆவணி பதினேழு. நேரம் இரண்டு பத்து. ஒன்பதாம் வளைவின் மேல் மண் விரிந்து நிற்கிறது, வண்டி விடவேண்டாம் என்று குவாரியிலிருந்து அறிவிப்பு. நான்கு முறை. நேரம் இரண்டு இருபத்திரண்டு. பதினோராம் வளைவிலிருந்து ஜக்கையன் இறக்கம், ஒன்பது பேர். ஓட்டுநருக்கு அறிவிப்பு தெரியவில்லை. சாட்சி, விருமாண்டி, டீக்கடை. சாட்சி, பவுன்ராசு, டைம் கீப்பர்."

அங்கே நிறுத்திவிட்டான். கடைசி வரி ஒன்று பாக்கி.

"முழுசா வாசி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு செல்வக்கனியைப் பார்த்து வாசித்தான்.

"கேட்டவர், கு. அறவாழி."